உன் கதவும் என் வாயும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். போனில் சொல்ல வாய் வராத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதித் தம்பியிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கீழ் வீட்டுத் தையல்காரம்மாவின் பெண்ணை நாங்கள் வாயாடி என்று கூப்பிடுவோம், பேச்சுக்குக் குறைவில்லை, காலில்தான் தெம்பு இல்லை. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் வெளிச்சவ்வில் இருக்கும் புரதத்தைத்தானே நீ ஆராய்கிறாய், சாமான் உள்ளே போறதும் வெளியே வர்றதும் அது வழியாத்தான், திறந்து மூடுற கதவு மாதிரிப்பா என்று நீதானே எனக்குச் சொன்னாய். காலமெல்லாம் கதவு மாட்டிய தச்சன் நான், கீல் இறங்கினால் தூக்கி மாட்டு, இறுகினால் இழைத்துவிடு, அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன். கவலைப்படாதம்மா, கதவுதான் மக்கர் பண்ணுது, அதுக்கு மருந்துதான் என் பொண்ணு கண்டுபிடிக்கிறா, கொஞ்ச நாள் பொறு என்று தையல்காரம்மாவின் வாசலில் நின்று அளந்துவிட்டேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் வேறு.

போன வாரம் நீ, நான் பாக்குறது ரொட்டி மாவில போடுற ஈஸ்ட்ல இருக்குற புரதம்பா, அது எப்படி மூடுதுன்னே இன்னும் முழுசா புரியல, மருந்தெல்லாம் எங்கேயோ இருக்கு என்றாய். அந்தப் பிள்ளையின் கோளாறு அந்தப் புரதத்தில்தானா என்றுகூட நான் யாரையும் கேட்டதில்லை. மறுநாள் விசாரித்தால், தையல்காரம்மா பிள்ளையைக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போவதையே நிறுத்திவிட்டாள். தினமும் அழுறா மாமா, மருந்துதான் வரப்போகுதே, எதுக்கு வதைக்கணும் என்கிறாள். இருந்த கொஞ்ச நடையும் குறைந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் வாயாடி. வெட்கக்கேடு, அவள் கண்ணில் படாமல் பின்பக்கப் படியில் இறங்கி வேலைக்குப் போகிறேன்.

அம்மா விரட்டிய விரட்டில் நேற்று தையல்காரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். மருந்து இல்லம்மா, வாய்க்கு வந்ததை உளறிட்டேன், பயிற்சியை நிறுத்தாதே என்றேன். அளந்தபோது ஒரு கேள்வி கேட்காதவள், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். கதவு வேலை பாக்குற உங்களுக்கு என்ன மாமா தெரியும், உங்க பொண்ணுகிட்டயே கேட்டுக்குறேன் என்று உன் நம்பரை வாங்கிக்கொண்டாள். அவள் சொன்னது சரிதானே.

அவள் கேட்கும்போது அப்பாவின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்காதே. பார்க்கலாம், வரும் என்று இழுக்காதே. இல்லை என்று சொல், பயிற்சிக்குக் கூட்டிப்போகச் சொல். நான் ஏற்றிவிட்ட ஆசையை இறக்கும் பாவத்தை உன் தலையில் கட்டுகிறேன், எனக்குக் கூசுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாவிடமிருந்து போன் வரும். அவள் பேசுவதற்குள் வாயாடி பிடுங்கிக்கொண்டு, எனக்கு மருந்து எப்போ வரும் என்று கேட்பாள். அவளிடமும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா