மதகுப் பூதத்துக்கு ரிலீவர்

நண்பரே,

காலையில் இந்த மடலுக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். குறிப்பில்லாமல் எனக்கு எதுவும் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

1. உங்கள் கிராம்பு டப்பா.
2. நீங்கள் விளையாட்டை நடத்திய விதம்.
3. இன்றோடு அதை நான் முடித்துவைப்பது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் டப்பாவை உங்கள் மனைவி கொடுத்தார். திறந்ததும் அந்த வாசம். சிகரெட்டை விட்ட பிறகு நீங்கள் ஓயாமல் மென்றது. கிராம்புகளுக்கு நடுவே இருபது முகப் பகடை.

ஞாயிறு பிற்பகலில் நம் ஒரகடம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பாய் விரிப்பீர்கள். பிள்ளைகள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ ஆவார்கள். நீங்கள் காட்டையும் குகையையும் சொல்வீர்கள். என்ன செய்வதென்று அவர்கள் சொல்வார்கள். பகடையில் பெரிய எண் விழுந்தால் பலிக்கும். "விதியெல்லாம் நீங்க பாத்துக்கோங்க சார், பூதத்த நான் பாத்துக்கறேன்" என்று என்னைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டீர்கள். பெற்றோரின் ஷிப்ட் மாறி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்டால், "அவனோட வீரன் ஓ.டி. போயிருக்கான், ஓவர்டைம்" என்பீர்கள். அடுத்த வாரம் எதையும் இழக்காமல் வந்து சேர்ந்துகொள்வான். விதிகளைப் படித்த எனக்கு அப்படியொரு விதி தோன்றியிருக்காது.

கதையைப் பாதியில் விட்டுப் போனீர்கள். பூதம் ஏரி மதகை அடைத்து நிற்கிறது; கீழே வயல்கள் காய்கின்றன. பிள்ளைகளோ மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். என் குரலில் பூதம் பேசினால் வங்கி அறிவிப்பு போல இருக்கும். ஒரு சண்டை, ஒரு வெற்றி, ஆளுக்கொரு மிட்டாய் என மரியாதையாக முடித்துவிடலாம் என்று சண்டையை வரிசையாக எழுதிக்கொண்டு இன்று கீழே இறங்கினேன்.

வாளை உருவுவார்கள் என்று காத்திருந்தேன். மூன்றாம் மாடி திவ்யா கையைத் தூக்கினாள். அவள் அம்மாவுக்கு இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் வேலை.

"தாத்தா, பூதத்துக்கு எப்போ ஷிப்ட் முடியும்?"

என் தாளில் அது இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் இல்லை.

"முடிஞ்சிபோச்சும்மா," என்றேன், என்னை அறியாமல். "ரிலீவர் வரல."

"ஐயே, பாவம். எங்கம்மாவும் இப்டிதான். மாத்து ஆள் வர்ற வரிக்கும் லைன வுட்டு நகரக்கூடாதாம்."

பக்கத்தில் தருண் வாளை விடுவதாக இல்லை. "இன்னாடி, பூதத்தப் போயி பாவம்ன்ற?"

"நீ நின்னு பாரு, தெரியும்." பிறகு நானே பூதம் என்பதுபோல் என்னிடம் திரும்பினாள். "நாங்க நிக்கிறோம். நீ வூட்டுக்குப் போயி சாப்ட்டு தூங்கிட்டு வா."

பூதம் நம்புமா என்று பகடையை உருட்டினாள். மூன்றுதான் விழுந்தது. பார்க்காததுபோல் பூதத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், "பகடை சொன்னத மாத்தாதீங்க சார், அதுக்கொரு கதை சொல்லுங்க" என்பீர்களே. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சூப்பர்வைசர் சொல்லாம நான் எடத்த வுட்டு நகர மாட்டேன்."

வங்கி அறிவிப்பு போலத்தான் இருந்தது. அந்தப் பூதத்துக்கு அது பொருந்தியும் இருந்தது. தருணே சிரித்துவிட்டான்.

"அப்போ அடுத்த வாரம் சூப்பர்வைசர தேடிப் போலாம்," என்றாள் திவ்யா. "நான் வர்லன்னா ஓ.டி.ன்னு போட்டுருங்க தாத்தா."

போடுகிறேன் என்றேன். மிட்டாயையும் கொடுத்துவிட்டேன்.

டப்பா என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு கிராம்பு வாயில். அந்தச் சூப்பர்வைசர் எந்த மலையில் உட்கார்ந்திருப்பார் என்று மாடிப்படி ஏறும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும்.