குளத்துக்குள் முளைத்த சாமி

இலஞ்சி
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகன் தில்லைநாயகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. பட்டணத்தில் நீயும் வடிவாம்பாளும் பிள்ளைகளும் நன்றாயிருக்க இலஞ்சிக் குமாரர் துணை. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது, ஐந்தருவிக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாம் நம் வீட்டில்தான் ஈரத்துணியைக் காயப்போடுகிறார்கள், அப்பாவுக்கு இருமல் தேவலை. ஆனால் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, குளத்தங்கரைக்குப் போகிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். நம் வீட்டில் தங்கி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யட்டும் என்று உன் மாணவி ஞானபாக்கியத்தை அனுப்பினாயே, அவளுக்கு நீ போட்ட கடிதம் வந்ததிலிருந்து இப்படித்தான். அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, பெட்டியில் துணியை அடுக்குகிறாள், வெளியே எடுக்கிறாள்.

கவனக்குறைவால் ஒரு வருஷ வேலையைக் கெடுத்துவிட்டாய், ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுத்துவிட்டு ஊருக்குப் போ என்று எழுதியிருக்கிறாயே, இங்கே நடந்ததை யோசித்தாயா? கோடையில் குளம் வற்றியதும் அவள் நாலு கம்பு ஊன்றிச் சிவப்புத் துணி கட்டி, இதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, மழை நனைத்ததும் இந்த மண்ணில் கிடக்கிற விதை எது எது தானாக முளைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித்தான் வைத்தாள். நம் வயலைப் பார்க்கிற பலவேசமும், வயலுக்கு உரமாகப் போடக் குளத்துக் கரம்பை மண் வெட்ட வந்த மற்றவர்களும் சொன்ன சொல்லைத் தட்டாமல் சுற்றிலும் வெட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் அந்த இடம் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பீடம் மாதிரி நின்றது. சிவப்புத் துணி, கால் வைக்கக் கூடாத இடம், விடிந்ததும் ஒரு பிள்ளை வந்து குனிந்து குனிந்து எழுந்திருக்கிறாள், பின்னே சாமி என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்? அம்மன் கொடை முடிந்து குளத்தில் கரைக்கிற முளைப்பாரியை, தண்ணீர் இல்லை என்று அதன் தலையிலேயே கொட்டி மஞ்சள் நீரும் ஊற்றிவிட்டார்கள். இப்போது சாரலில் பயறும் சோளமுமாகத் தழைத்து நிற்கிறது. வேதக்கோயில் உபதேசியார் மகள் இவள் கும்பிட்டு ஒரு சாமி உண்டாயிற்றே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பலவேசம் தலையில் அடித்துக்கொண்டு, “தாயீ, இந்தப் பயறை எல்லாம் புடுங்கிப் போட்டுருதேன், யாருக்குத் தெரியப் போவுது, நீங்க பாட்டுக்கு எழுதுங்க” என்றான். அதற்கு அவள், “உள்ளதும் சேந்துல்லா வந்துரும் அண்ணாச்சி, பெறவு எது மண்ணுல கெடந்தது, எது நீங்க போட்டதுன்னு எனக்கே தெரியாதே” என்று சொல்லிவிட்டு, நடந்ததை நடந்தபடி உனக்கு எழுதினாள். படிப்பு நின்றால் தையில் கல்யாணம் என்று நாசரேத்தில் அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். அது தெரிந்தும் எழுதினாள்.

ஏலே, உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது? அவள் பொய் எழுதியிருந்தால் மெச்சிப் பட்டம் வாங்கிக் கொடுத்திருப்பாய், மெய் எழுதினதற்குப் பேரை எடுக்கச் சொல்லுகிறாய். உன்னிடம் படிக்கிற மற்றப் பிள்ளைகள் இதைப் பார்த்து எதைப் படித்துக்கொள்ளும்? நாளைக்கு அவர்கள் எழுதித் தருகிற எதை நீ நம்புவாய்? எனக்கு அந்தப் பயம்தான் ஐயா. இன்னும் ஒரு கோடை அவளுக்குக் கொடு. நீ சரி என்று ஒரு வரி போட்டால் நாசரேத்துக்கு நானே பஸ் ஏறிப் போய் அவள் அப்பாவிடம் பேசுகிறேன்.

கோபமாக எழுதினாலும் என் ஆசீர்வாதத்தில் குறைவில்லை, நீங்கள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வெந்நீர் குடி. பதிலை எனக்குப் போடாதே, அவள் பேருக்கே போடு. பலவேசம் புதிதாக நாலு கம்பு சீவி, துணி கட்டாமல், நம் வாசலில் சாத்தி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் இன்னும் பெட்டியைப் பூட்டாமல் இருக்கிறாள்.

உன் அம்மா
குழல்வாய்மொழி