பதினோரு கட்டம் வித்தியாசம்

மார்ச் 3, திங்கள்
ஆட்டுப் படம் முடிந்தது. குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு கட்டம், மூன்றே நிறம். தினமும் வேலைக்குப் போகும்போது, ஷூ கம்பெனி வேன் ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் போனிலேயே ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்தேன். ஐந்து நாள் ஆனது. வேலூரில் போன் கேம் செய்கிற சுஹேல் அகமதுவுக்கு அனுப்பிவிட்டேன். பிடித்துவிட்டால் கேம் முழுக்க என் படம்தான்.

மார்ச் 5, புதன்
சுஹேல் போன் செய்தார். "எழிலரசி, இது காப்பி மாதிரி இருக்கே." பிரேசிலில் யாரோ நாலு வருஷம் முன்னால் போட்ட ஆட்டை அனுப்பினார். ரெண்டையும் பக்கத்துல வச்சு எண்ணினேன். பதினோரு கட்டம்தான் வித்தியாசம். சத்தியமா நான் அதைப் பார்த்ததே இல்லை.
"நம்புறேன்மா. ஆனா வேணாம்."
நம்புறவர் எதுக்கு வேணாம்னு சொல்லணும்?

மார்ச் 6
கொம்புக்கு ரெண்டு கட்டம். தாடிக்கு ஒண்ணு. வேற எங்கதான் வைக்கிறது? இவ்ளோ சின்ன இடத்துல யார் போட்டாலும் அதே ஆடுதான் வருமா? அப்போ நான் எதுக்கு?

மார்ச் 9, ஞாயிறு
ஒன்றும் வரையவில்லை.

மார்ச் 13, வியாழன்
சாயந்தரம் கம்பெனியிலிருந்து எல்லோரும் வெளியே வரும்போது, தையல் செக்‌ஷன் சவுரியம்மாக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக மெஷினில் உட்காருகிறவர். வலது தோள் மட்டும் கீழே. வேனில் வரைந்தேன் - முகம் இல்லை, முதுகு மட்டும். வலது தோளை ஒரே ஒரு கட்டம் இறக்கினேன்.
பக்கத்தில் இருந்த சைரா எட்டிப் பார்த்தாள். "அட, சவுரியம்மாக்கா!"
இது பிரேசில்ல இருக்காது. அப்பவே சுஹேலுக்கு அனுப்பினேன்.

மார்ச் 14, வெள்ளி
சுஹேல்: "இது யாருன்னே தெரியலம்மா. நான் வேற ஆள் பார்த்துட்டேன்." அவ்வளவுதான். யாருடையது மாதிரியும் இல்லாத ஒன்றைப் போட்டால், அது யாருக்கும் வேண்டாம்.
சாப்பாட்டு நேரத்தில் சைரா என் போனைப் பிடுங்கி அக்காவிடமே காட்டிவிட்டாள். அக்கா சிரிப்பார் என்று நினைத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார்.
"என் தோளு இவ்ளோவா எறங்கியிருக்கு? யாருமே சொல்லலையேடி."
"படம் சின்னதுக்கா, அதான் அப்படித் தெரியுது" என்றேன்.
பொய். அவருக்கும் தெரிந்திருக்கும். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்ட்டார்.

மார்ச் 17, திங்கள்
இன்று சாயந்தரம் அக்கா தோளை நிமிர்த்தி நேராக நடந்து பார்த்தார். பத்தடி இருக்கும். அப்புறம் தோள் தன்னால இறங்கிடுச்சு. பின்னால் நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.