இருபத்தெட்டு இடங்கள்

செப்டம்பர் 29, ஞாயிறு

அன்புள்ள லைல்,

நீயும் உன் கப்பலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஹேட்டியும் நலம். உன் மகளுக்குப் பல் கம்பி போட்டாயிற்று. இரண்டு நாளாக ஆப்பிள் கூழ்தான் உள்ளே போகிறது, ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. பின்வாசல் படியில் ஆடிக்கொண்டிருந்த பலகையை நானே ஆணி அடித்து நிறுத்திவிட்டேன். வந்து பார்த்து ஆணி கோணல் என்று சொல்லாதே.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஏரி நடுவிலிருந்து நீ பேசினால் பாதி வார்த்தை காற்றோடு போய்விடுகிறது, மீதிப் பாதியில் நீ குறுக்கே பேசிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. உன் கப்பல் டெட்ராய்ட்டைத் தாண்டும்போது அஞ்சல் படகு இதைக் கயிறு கட்டிய வாளியில் வைத்து மேலே அனுப்பும். நீ இயந்திர அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து பிரிப்பாய். முதலில் கையைத் துடை.

நேற்று நான் லார்ச்வுட் கல்லூரிக்கு மறுபடியும் விண்ணப்பித்துவிட்டேன். அதே பிசியோதெரபி டாக்டர் படிப்புக்கு.

போன ஏப்ரலில் அவர்கள் முடியாது என்று எழுதியபோது நீ போனில் என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "விட்டுடு ப்ரிட்டா. ஆஸ்பத்திரில பிசியோதெரபி உதவியாளரா நல்ல வேலைதானே பாத்துக்கிட்டிருக்க? இன்னும் எத்தன தடவ இதுக்காக அழப்போற?" விட்டுவிடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. கோடை முழுக்கச் செவ்வாயும் வியாழனும் கூடுதல் வேலை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். இரண்டாண்டுக் கல்லூரியில் இயற்பியல் வகுப்புக்குப் போனேன். போன தடவை இடம் கிடைக்காததற்கு அந்தப் பாடத்தில் இருந்த பழைய மதிப்பெண்தான் காரணம் என்று ஜோலீன் அடித்துச் சொன்னாள். அவளை உனக்குத் தெரியும், வாரத்தில் இரண்டு நாள் வந்து எங்கள் நோயாளிகளைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அவள் ஒருத்திதான். "இந்த ஒரு பாடத்தத் திரும்பப் படிச்சுட்டு வா. சிபாரிசுக் கடிதம் நான் எழுதுறேன். எழுதலன்னா என் காரை நீயே ஓட்டிட்டுப் போயிடு" என்றாள். அந்தக் காரை யார் கேட்டார்கள்!

வகுப்பில் எல்லோருக்கும் பத்தொன்பது வயது. முப்பத்தெட்டு வயதில் நான் முதல் வரிசையில். நெம்புகோல் பாடம் வந்த அன்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினோரு வருடமாக ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கிறேன், அதற்குக் கணக்கு உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது! தேர்வில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண் எனக்கு. முதல் மதிப்பெண் வாங்கிய பெண் என்னிடம் வந்து, "நீங்க எங்க அம்மா மாதிரியே இருக்கீங்க, ஆனா எங்க அம்மாவுக்கு இதெல்லாம் வராது" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. விண்ணப்பித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இனியும் உன்னிடம் எதையும் மறைக்க முடியவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

உன்
ப்ரிட்டா


நவம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள லைல்,

உன் பதில் கிடைத்தது. "கடிதம் வந்தது. சரி. காற்று பலம். ஹேட்டிக்கு முத்தம்." ஏழு வாரம் காத்திருந்ததற்கு ஏழு வார்த்தை. அந்த 'சரி'யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோபச் சரியா, நிஜச் சரியா? ஜோலீனிடம் காட்டினேன். "ஆம்பளைங்க எழுதுற சரிக்கு ஒண்ணுமே அர்த்தம் கிடையாது. அது மூச்சு விடுற மாதிரி" என்றாள். போகட்டும். என்னிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்! நேற்றுப் போய்விட்டு வந்தேன்.

நாலு மணி நேரக் கார்ப் பயணம், வழி நெடுகப் பனித்தூறல். ஹேட்டியை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் அவளையும் அழைத்துப்போனேன். சின்னக் கல்லூரி, லைல். ஒரு தேவாலயம், ஒரு பனி ஹாக்கி அரங்கு, சிவப்புச் செங்கல் கட்டடங்கள் ஏழெட்டு, அவ்வளவுதான். வருடத்துக்கு இருபத்தெட்டுப் பேரைத்தான் எடுக்கிறார்கள். வாசலில் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பெற்றோருக்குக் காப்பி அந்தப் பக்கம் இருக்கு மேடம்" என்றான். அதற்கு ஹேட்டி, "பேர் அட்டை இவங்களுக்குத்தான். நான்தான் இவங்களோட பெற்றோர்" என்றாள். உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

காலையில் நேர்முகத்துக்கு வந்தவர்களை மட்டும் உடற்கூறு அறைக்கு அழைத்துப்போனார்கள். இறந்த பிறகு தங்கள் உடலைப் படிப்புக்குக் கொடுத்தவர்கள் அங்கே வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார்கள். பேராசிரியர் சாண்ட்விக் என்ற பெண்மணி, உயரம், நரைத்த குட்டை முடி, எங்களை ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னார். பிறகு ஒரு கையை மட்டும் துணியிலிருந்து எடுத்தார். முழங்கைக்குக் கீழே ஒரு தசைநாரை மெல்ல இழுத்தார். விரல்கள் மடங்கின. லைல், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது பயமில்லை. எத்தனையோ கைகளைப் பிடித்து மடக்கி நீட்டியிருக்கிறேன். உள்ளே நடப்பதை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த நேரம் எனக்கு முன்னால் நின்றவனின் கழுத்து வெளுத்துவிட்டது. டேன் என்று பெயர், ஹாக்கி ஆடுகிறவன், நம் வீட்டு நிலைக்கதவு அளவு உயரம். முழங்கால் ஆடத் தொடங்கியதை நான் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, அவன் முதுகு என் தொடை மேல் சறுக்க அப்படியே தரையில் இறக்கிவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆஸ்பத்திரியில் செய்கிற வேலைதான். காலைத் தூக்கி ஒரு முக்காலி மேல் வைத்தேன்.

"டேன், என்னப் பாரு. ஒண்ணும் ஆகல. மூச்ச மெதுவா விடு. காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல. பயத்துல வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு" என்றான் பாவம். "எல்லாரும் பாத்துட்டாங்களா?"

"பாத்தா என்ன? கீழ விழறதுல நீதான் இன்னிக்கு முதல் ஆள். போட்டியே இல்ல" என்றேன். சிரித்துவிட்டான். ஹேட்டிக்கு வைத்திருந்த வான்கோழி சாண்ட்விச்சை அவனுக்குக் கொடுத்தேன். ஹேட்டி இன்னும் அதற்காக முறைக்கிறாள்.

மதியம் நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் சாண்ட்விக். மனப்பாடம் செய்துகொண்டு போன எதையும் கேட்கவில்லை. "உங்க முதல் பட்டத்துல மதிப்பெண் ரொம்பக் கம்மியா இருக்கே, ஏன்?" என்றார். உண்மையைச் சொன்னேன். அந்த வயதில் எதற்குப் படிக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பையன நீங்க பிடிச்சத நானும் பாத்தேன். வேலை நல்லாத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கு மூணு வருஷம் இந்தக் கஷ்டம்?" என்றார்.

அப்போது ரோல்ஃப் ஞாபகம் வந்தார். மீன்பிடிப் படகு வைத்திருந்தாரே, முதுகு வலி என்று வந்தவர். போன பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அவர் நடந்து வரும்போது காலடிச் சத்தம் மாறியிருந்தது. வலது காலின் முன்பாதம் தரையில் உரசியது. எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. ஜோலீனைக் கூப்பிட்டேன், டாக்டரிடமும் சொன்னேன். டாக்டர், ஜோலீன் வந்து சோதித்துச் சொல்லட்டும் என்றார். அந்த வாரம் பனியில் சாலை மூடி அவளால் வியாழன் வரை வர முடியவில்லை. அவள் வந்த அன்றே, முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று சொல்லி அவரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பினாள். இன்று அவர் நடக்கிறார், ஆனால் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் கவசம் மாட்டிக்கொண்டுதான்.

இதைச் சொல்லிவிட்டு, "மூணு நாள் நான் அந்தக் காலப் பாத்துக்கிட்டே இருந்தேன் மேடம். ஏதோ தப்புன்னு என் கைக்குத் தெரியுது. என்ன தப்பு, எவ்வளவு அவசரம்னு சொல்ற படிப்பு எங்கிட்ட இல்ல. அது இருக்கறவங்க எங்க ஊருக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் வராங்க. மீதி அஞ்சு நாளும் இருக்கற ஒருத்தியா நான் ஆகணும்" என்றேன்.

மூவரும் நன்றி என்றார்கள். வெளியே வந்து ஹேட்டியை அழைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். கெடுத்துவிட்டேனா, நன்றாகச் செய்தேனா, தெரியவில்லை லைல். ஆனால் திரும்பி வரும் வழியில் நானும் ஹேட்டியும் வண்டிக்குள் உரக்கப் பாடிக்கொண்டே வந்தோம். இத்தனை சந்தோஷமாக நான் பாடி எத்தனை வருடமாயிற்று என்று தெரியவில்லை.

வானொலியில் புயல் எச்சரிக்கை சொல்கிறார்கள். மேல்தளத்துக்கு வீண் வீரம் காட்டிப் போகாதே.

உன்
ப்ரிட்டா


டிசம்பர் 14, சனி

என் லைல்,

கிடைத்துவிட்டது! இருபத்தெட்டில் ஒரு இடம் எனக்கு!

எப்படி வந்தது என்பதைக் கேள். வியாழன் காலை. பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெண்டாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாவது நாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்தபடி அவளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடத்திக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. கல்லூரி இருக்கும் ஊர் எண்.

"எடு புள்ள, நான் ஒண்ணும் விழமாட்டேன்" என்றாள் கிளெண்டா.

"பட்டைய விடமாட்டேன். நட."

"அட, அது காலேஜுன்னா?"

"காலேஜா இருந்தாலும் பதினாலு அடி பாக்கி இருக்கு. வலது காலத் தூக்கு."

அந்தப் பதினாலு அடியும் அவள் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள். இதுவரை அவள் நடந்ததிலேயே அதுதான் வேகம். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் திரும்பக் கூப்பிட்டேன். சாண்ட்விக்தான் எடுத்தார். "ஏன் எடுக்கல?" என்றார். நோயாளி நடந்துகொண்டிருந்தாள் என்றேன். சிரித்தார். "அப்ப சரிதான். உங்களுக்கு இடம் இருக்கு. யோசிக்க ரெண்டு வாரம் தரோம்" என்றார்.

நான் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் போனிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை. கிளெண்டா கத்திய கத்தலில் சமையலறையிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று. டேனுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். ஒன்றரைப் பக்கம்! கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் நீ ஒன்றரைப் பக்கம் எழுதியதில்லை. நின்றபடியே, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தேன். 'ஏப்ரலில் நீ போனில் அழுதாய். நான் தண்ணீர் மேல் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் விட்டுவிடச் சொன்னேன். உனக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறாய். லைல், அதை அப்போதே சொல்லியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இப்போதாவது சொன்னாயே. போன வாரப் புயலில் உன் கப்பல் இரண்டு நாள் நங்கூரம் போட்டு ஒதுங்கி நின்றபோது, கணினித் திரையில் உன் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி நகராமல் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது என்ன என்று எனக்கும் தெரியும்.

வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. ஹேட்டி பள்ளி மாற வேண்டும். அங்கே ஹாக்கி அணியில் பெண்களையும் சேர்ப்பார்களா என்பது ஒன்றுதான் அவள் கவலை. உன் அப்பா கட்டிய வீட்டை விற்க வேண்டாம், யாருக்காவது மூன்று வருடம் வாடகைக்கு விடலாம் என்பது என் எண்ணம். நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் உன்னை நெருக்கவில்லை. கரையிலிருந்து நாலு மணி நேரம் உள்ளே, ஏரியின் வாசனைகூட வராத ஊர் அது. எனக்குத் தெரியும்.

நேற்று அங்கே மாடியில் ஒரு வீடு பார்த்தேன். இரண்டு படுக்கையறை, நல்ல வெயில், கொஞ்சம் கிரீச்சிடும் படிக்கட்டு. வீட்டுக்காரர் ஒரு படிவம் நீட்டினார். குடியிருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் ஏரி உறைந்து கப்பலைக் கட்டியதும் நேரே வீட்டுக்கு வா. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். அந்த எண் தப்பு என்றால் வந்து உன் கையாலேயே திருத்து. தண்ணீர் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
ப்ரிட்டா