பூச்சரத்துக்குள் இருந்த மைக்

அன்றைக்கு மேடையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். மணப்பெண் என் மகள் கோமளா. மாப்பிள்ளை சிவநேசன். மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மா. மாலைகளை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். மந்திரம் சொன்ன குருக்கள். நான். மேடைக்குக் கீழே, கைக்கு அடக்கமான உன் வீடியோ கேமராவோடு நீ. ஜாசின் கோயில் மண்டபத்தில் அன்றைக்கு யார் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். "அக்காவுக்கு எதுவும் மறக்காது" என்று நீயே சொல்வாய், கொஞ்சம் பயத்தோடு.

மறக்காதுதான். ஆனால் எனக்குத் தெரியாமலே போனது ஒன்று இருந்திருக்கிறது, தங்கச்சி. அது போன வாரம்தான் தெரிந்தது.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று, கோமளாவின் மகள் தேவியைக் கூட்டிக்கொண்டு குருபோங்குக்கு வந்தேன். அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் உன் சின்ன டேப் ரெக்கார்டர், சட்டையில் குத்துகிற மைக், ஒரு கேசட். கேசட்டின் மேல் உன் கையெழுத்து: "கோமளா கல்யாணம், மேடைச் சத்தம். சேர்க்க வேண்டாம்."

உன் வீட்டுக்காரர் சுங்கை ஊடாங்கில் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சுவலியில் போன பிறகுதான் அந்தக் கேமராவை வாங்கினாய். பேக்டரியில் ஓவர்டைம் செய்து, யாரோ பயன்படுத்தியதை வாங்கினாய். பெரிய கேமராக்காரர்கள் கல்யாணம் எடுக்க ரப்பர் தோட்டத்துப் பக்கம் வர யோசிப்பார்கள். வந்தாலும் அவர்கள் கேட்கும் காசு நம் ஆட்களுக்குக் கட்டாது. நீ போவாய். ஊரில் சிரித்தார்கள். "என்னாம்மா, சோப்பு டப்பாவ வச்சுப் படம் புடிக்கிற?" என்றார் ஒருவர். "டப்பா சின்னதுதான் அண்ணே, ஒங்க தொப்பை அடங்குமான்னுதான் பாக்குறேன்" என்றாய். அவர் பெண் கல்யாணத்தையும் பிறகு நீதான் எடுத்தாய்.

உன் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூன்று கால் வைத்த ஸ்டாண்டு இல்லை. தலையணை உறையில் பச்சைப்பயறு நிரப்பித் தைத்து, நாற்காலி முதுகிலோ ஜன்னல் கட்டையிலோ போட்டு, அதன் மேல் கேமராவை அழுத்தி உட்கார வைப்பாய். ஆடாது. பசாரில் மீன் பெட்டியை மூடும் வெள்ளைத் தெர்மாகோல் தட்டியைக் கழுவிக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பெண்ணின் முகத்தில் திருப்பி அடிக்க என்னைப் பிடிக்கச் சொல்வாய். "வெளிச்சம் சும்மா கெடைக்குதுக்கா. நாமதான் அதுக்கு எதிர்ல பொண்ண ஒக்கார வெக்கணும்." கேமராவில் இருந்த மைக்கை நீ நம்பியதே இல்லை. "படம் கொஞ்சம் மங்குனா பொறுத்துக்குவாங்க. சத்தம் கெட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க." அதனால் ரெக்கார்டரை மணவறைத் தூணுக்குப் பின்னால் வைத்து, மைக்கைப் பூச்சரத்துக்குள் சொருகிவிடுவாய். கேமராவுக்கு முன்னால் நின்று கையை ஒரு தட்டு தட்டுவாய். பிறகு படத்தையும் சத்தத்தையும் ஒட்டுவதற்கு அதுதான் கணக்கு.

கோமளா பத்து வயதிலிருந்து உன்னிடம்தான் வளர்ந்தாள். தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் தூரம் என்று நான்தான் கொண்டுவந்து விட்டேன். உனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குச் சம்பந்தம் பேசிய அன்றே சொல்லிவிட்டாய்: "அவ கழுத்துல தாலி ஏறுறத நான்தான்கா எடுப்பேன். வேற யாரும் கைய வெக்கக் கூடாது." நீ வாய் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ராஜம்மா மேடையிலிருந்து இறங்கி உன்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. தாலி கட்டுற நேரம். கொஞ்சம் வெளிய இருந்து எடுக்குறீங்களா?" வெறும் நெற்றியோடு நீ அவரையே பார்த்தாய். "சரிங்க" என்றாய். பயறுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் வெளிக் கம்பி ஜன்னலில் வைத்தாய். நான் மேடையில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். நீ எடுத்த படத்தில் அந்த நேரத்தில் தெரிவதெல்லாம் அரிசி போடத் தூக்கிய கைகள்தான். தாலி தெரியாது. அந்தக் காட்சி முழுக்க நாதஸ்வரச் சத்தத்தை ஏற்றியிருந்தாய்.

அதற்குப் பிறகு நான் ராஜம்மா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தேவி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எதிரே வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குக் கைகால் விழுந்தபோது போகவில்லை. செத்ததற்கும் போகவில்லை. "போயிட்டு வாக்கா, பாவம்" என்று நீ கெஞ்சினாய். "ஒன்னைய வெளிய தள்ளுனவள நான் எதுக்குப் பாக்கணும்?" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் நல்ல மனசு என்று நினைத்தேன்.

தேவி ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டாள். நீ தட்டிய தட்டு கேட்டது. பிறகு மந்திரம், வளையல் சத்தம். திடீரென்று காதுக்குப் பக்கத்தில் கோமளாவின் குரல்.

"அத்தை, சித்தி எதிர்லயே நிக்கிறாங்க. தாலி கட்டுற நேரத்துல வேணாம் அத்தை."

"என்னாம்மா இப்படிப் பேசுற? அவங்கதானே ஒன்னைய வளத்தாங்க?" இது ராஜம்மா.

"அதான் என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லிருங்க அத்தை. நீங்க சொன்னதாவே இருக்கட்டும்."

பிறகு ராஜம்மா பெருமூச்சு விட்டு, "சரி, நான் சொல்றேன்" என்றார்.

"பாட்டி, இது அம்மா குரல்தானே?" என்று தேவி கேட்டாள். நிறுத்தச் சொன்னேன்.

படத்தை ஒட்டும்போது இதை நீ கேட்டிருக்கிறாய். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாயோ. எடுத்த எதையும் அழிக்கக் கூடாது என்பது உன் வழக்கம், அதனால் கேசட் தப்பியது. இதை என்னிடம் சொல்லாமலே கோமளாவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாய். அவள் பிள்ளைக்குக் காப்பு போட்டாய். நீ டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த நாட்களில் அவள் ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கார் பார்க்கிங் பிரச்சினை என்று கால் மணி நேரத்தில் கிளம்பினாள். அதற்கும் அவள் தலையைத் தடவித்தான் அனுப்பினாய். ராஜம்மாவும் யாரிடமும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். செய்யாத குற்றத்துக்கு நான் காட்டிய முகத்தையெல்லாம் அந்த அம்மா வாங்கிக்கொண்டார். அவர் காலில் விழ எனக்கு இனி வழியில்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதும் எனக்குத் தெரியும், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோமளா வருவதாகப் போன் செய்தாள். வரட்டும். கோழி வாங்கிக் குழம்பு வைப்பேன். இலையில் சோறு போட்டு, எதிரே உட்கார்ந்து கேசட்டை ஓட்டுவேன். அழுவாள், சின்ன வயசு, தெரியாமல் சொன்னேன் என்பாள். நீ இருந்தால் "விடுக்கா" என்று சொல்லியிருப்பாய். நான் நீ இல்லை. ஊரில் எத்தனையோ பேர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதையெல்லாம் சாகும் முன்னால் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஒருத்தியை மட்டும் விட மாட்டேன்.

என் மகள் கோமளாவை.