கருவிழியில் சூடு வைத்த நாள்

இன்று காலை பொங்கோல் கிளினிக்கில் கண் மருத்துவர் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டார். அது தொண்டைக்குள் கசப்பாக இறங்கியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது.

சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் நமக்கு இருபது வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரே சந்தில் குடியிருந்தோம். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். நான் துணி தைத்துக்கொண்டிருந்தேன். என் இடது கண் சிறுவயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணிலும் கருவிழி மெலிந்து, கூம்புபோல் பிதுங்கிக்கொண்டே வந்தது. எந்தக் கண்ணாடியும் உதவவில்லை.

ஒருநாள் முச்சந்தியில் காவலுக்கு நின்ற சிப்பாயைக் கம்பம் என்று நினைத்து, குனிந்து வணங்காமல் கடந்துவிட்டேன். அவன் விட்ட அறையில் தரையில் விழுந்தேன். மறுநாளே என்னை உன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய்.

"கூம்பு நுனியில சூடு வெச்சா தழும்பாகி இறுகும். பிதுங்குறது நிக்கலாம். ஓட்டை விழுந்தா கண்ணே போயிடும். சும்மா விட்டாலும் போயிடும்மா," என்றார் அவர்.

வேண்டாம் என்று அழுதேன்.

"நான் தலையைப் பிடிச்சுக்கிறேன் லா. நீ ஆடாம இரு, போதும்," என்றாய்.

மரத்துப்போகச் செய்யும் மருந்துப் புட்டியின் அடியில் சில சொட்டுகளே இருந்தன; அவற்றைக் கண்ணில் விட்டதும் இதே கசப்பு தொண்டையில் இறங்கியது. இமைகளைக் கம்பி வைத்து விரித்தார்கள். ஸ்பிரிட் விளக்கில் ஊசி பழுத்தது. அந்தச் சிவப்புப் புள்ளி என்னை நோக்கி வருவதை அதே கண்ணால் பார்த்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. என் நெற்றியின் இருபுறமும் உன் கைகள் இறுகின.

ஊசி தொட்டது. அப்போதுதான் கதவு திறந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. சோதனைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஏதோ கத்தினான். எல்லோரும் நிமிர்ந்து, பின் குனிந்தாக வேண்டும்.

"விட்டுடாத மிஸ்ஸி, இன்னும் முடியல," என்றார் டாக்டர், மெதுவாக.

நீ குனியவில்லை. அறை விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஒன்று. உன் கைகள் இம்மியும் அசையவில்லை. என் நெற்றியில் வெதுவெதுப்பாக ஏதோ சொட்டியது. கண்ணீர் என்று நினைத்தேன். உன் மூக்கிலிருந்து வந்த ரத்தம் என்று பிறகுதான் தெரிந்தது.

என்ன நினைத்தானோ, அதிகாரி வெளியே போய்விட்டான்.

வாரங்கள் கழித்துக் கட்டுப் பிரித்தபோது நடுவில் ஒரு வெள்ளை மங்கல். ஆனால் பிதுங்கல் நின்றிருந்தது. கம்பம் எது, சிப்பாய் எவன் என்று தெரிந்தது.

ஏன் கையை எடுக்கவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "பயத்துல கை வெறைச்சுப் போச்சு டி, எடுக்கவே முடியல," என்று சிரித்தாய்.

உன்னைத் தைரியசாலி என்றே அதுவரை நம்பியிருந்தேன். நீயும் என்னைப்போல பயந்துதான் நின்றாய் என்பது தெரிந்தபின், என் பயத்துக்காக நான் வெட்கப்பட்டதே இல்லை.