இரண்டு பேர் போராட்டம்

அன்பு மகள் சின்னுவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம், உன் சுகத்தை டிவி செய்தி பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். முதலில் முக்கியமான விஷயம். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஹால் நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் பக்கத்தில் நகர்த்துவது என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் எந்த நாட்டு ஊர்வலத்தைக் காட்டினாலும் அம்மா கூட்டத்தில் உன் முகத்தைத் தேடுகிறாள், பழைய தூரத்தில் கண் எட்டவில்லையாம். நீ தெருவுக்கே போவதில்லை, அறைக்குள் உட்கார்ந்து எங்கே கலவரம், எத்தனை பேர், யார் சுட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படித்துப் பதிவு செய்கிற வேலை பார்ப்பவள் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "அறைக்கு ஜன்னல் இருக்கும்ல?" என்கிறாள். 

நீ இருக்கும் நாட்டில் பெட்ரோல் விலையேற்றத்தை எதிர்த்து நடக்கும் மறியல் ஓயும்வரை லீவு கிடையாது என்று நீ சொன்னதிலிருந்து, அம்மா அந்த நாட்டு நிதியமைச்சரைத் தினமும் திட்டினாள், நம் அமைச்சர்களைக்கூட அவ்வளவு உரிமையோடு திட்டியதில்லை. அவர் விலையைக் குறைத்த அன்றே உன் மெத்தையை வெயிலில் போட்டாள். மறுவாரம் பக்கத்து நாட்டில் தேர்தலைத் தள்ளிவைத்ததால் மாணவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள், ஆபீசில் உன்னை அங்கே அனுப்புகிறார்கள் என்று போன் செய்தாய். மெத்தையை நான்தான் உள்ளே தூக்கிவந்தேன்.

அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் அம்மா எடுப்பதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து மணி நிற்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது போராட்டம் என்று உனக்குத் தெரிவிக்கச் சொன்னாள். மூன்று பேராவது கூடினால்தான் உங்கள் ஆபீசில் போராட்டம் என்று பதிவு செய்வார்கள், நாம் இரண்டே பேர், அதிலும் நான் நடுநிலை என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப அவளை வரச் சொல்லுங்க, மூணாயிடும்" என்றாள். சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நடுநிலையை அன்றோடு விட்டாயிற்று.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மூக்குக்கண்ணாடி இன்னொன்று பையில் இருக்கட்டும். கூட்டம் ஓடினால் நீயும் ஓடு, ஏன் ஓடியது என்று அப்புறம் ஆராயலாம். எந்த நாட்டு வெயிலில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இரு. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது, அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன் அப்பா

பி.கு.: நேற்று அம்மாவும் நானும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.